கருந்துளையை அரக்கன் ஆக்காதீர்கள்: விண்வெளி பற்றிக் காணொளி செய்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். விண்வெளி பற்றித் தமிழில் காணொளி செய்கிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள், அந்தச் செய்திகளுக்குத் தலைப்பு வைக்கிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். ஈர்ப்பு விசைப் பாடத்தைத் தொடும் முன்பே பிள்ளைகள் கருந்துளை பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த ஆர்வத்தை ஏற்றியவர்கள் நீங்கள். அதற்கு முதலில் நன்றி.

ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் என்னை இதை எழுத வைக்கின்றன. "சார், அது பூமியை எப்போ முழுங்கும்?" "உள்ளே போனா வேற பிரபஞ்சத்துல வெளியே வரலாமா?" "அங்கே நேரம் நின்னுடுமாமே?" எல்லாமே நல்ல கேள்விகள்தான். ஆனால் "அப்படி ஒண்ணு இருக்குன்னு எப்படி சார் தெரிஞ்சது?" என்று கேட்கிற பிள்ளை மிக அரிது. பார்த்த காணொளிகளில் அந்தக் கேள்விக்கே இடம் இல்லாதபோது அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து அது வரும்?

நான் கேட்பது இவ்வளவுதான். பயமுறுத்துவதைக் குறைத்துக்கொண்டு, எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லுங்கள். ஒளியே வெளிவராத ஒரு பொருளை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்து, எடை போட்டு, கடைசியில் அதன் நிழலைப் படமும் பிடித்தார்கள் என்பதைவிடப் பெரிய கதை எதுவும் இந்தத் துறையில் இல்லை. அதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்கும் அரக்கனைக் காட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

'உறிஞ்சும்' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பத்துக் காணொளி பார்த்தால் அநேகமாகப் பத்திலும் அது வந்துவிடுகிறது. கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை. அதற்கு இருப்பது ஈர்ப்பு விசை. சூரியனுக்கும் பூமிக்கும் இருக்கிற அதே விசை. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை அந்த இடத்தில் வைத்தால் பூமி என்ன ஆகும்? இருட்டும் குளிரும் வரும், அது வேறு விஷயம். ஆனால் பாதை மாறாது. இன்று சுற்றுவது போலவே 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில், ஆண்டுக்கு ஒரு சுற்று என்று பூமி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கருந்துளையின் ஆரம் வெறும் 3 கிலோமீட்டர்தான். அதற்கு மிக அருகில், சில பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்குள் போனால்தான் நியூட்டனின் கணக்குக்கும் ஐன்ஸ்டைனின் கணக்குக்கும் பெரிய வேறுபாடு தெரியும். கருந்துளையின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் வந்துவிட்டால் நிலையான வட்டப்பாதை என்று ஒன்று இருக்க முடியாது. அது உண்மை. அதற்கு வெளியே நிம்மதியாகச் சுற்றலாம். (சூரியன் கருந்துளையாக மாறுவதற்கு வாய்ப்பே இல்லை, அதற்குப் போதிய நிறை கிடையாது என்பதையும் இந்த இடத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பல பிள்ளைகளின் பயம் அதுதான்.)

இது வெறும் கணக்கு இல்லை, கண்முன்னே சான்று இருக்கிறது. நமக்குத் தெரிந்தவற்றில் மிக அருகில் உள்ள கருந்துளை கையா பிஎச்1. தூரம் சுமார் 1,560 ஒளியாண்டுகள். 2022-இல் அறிவிக்கப்பட்டது. அது சூரியனைப் போல ஏறத்தாழ 9.6 மடங்கு நிறை கொண்டது. அதைச் சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் 186 நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த விண்மீனை யாரும் விழுங்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றுகிறது. உண்மையில் அந்த விண்மீன் லேசாக அசைந்தாடுவதை கையா விண்கலம் அளந்ததால்தான் கருந்துளை அங்கே இருப்பதே தெரிந்தது.

இந்த வழியை முதலில் சொன்னவர் யார் தெரியுமா? 1783-இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். அவர் ஹென்றி கேவண்டிஷுக்கு எழுதிய கடிதம் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. சூரியனின் அதே அடர்த்தியோடு அதைப் போல 500 மடங்கு விட்டம் உள்ள ஒரு விண்மீன் இருந்தால், அதிலிருந்து தப்பிக்கத் தேவைப்படும் வேகம் ஒளியின் வேகத்தைத் தாண்டிவிடும், ஆகவே அதன் ஒளி நம்மை வந்து சேராது என்று அவர் கணக்குப் போட்டார். இந்தப் பாதிக் கதை சில காணொளிகளில் வருகிறது. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம். கண்ணுக்குத் தெரியாத அப்படி ஒரு விண்மீனை, அதைச் சுற்றிவரும் ஒளியுள்ள துணையின் அசைவை வைத்து ஊகிக்கலாம் என்றும் அவர் அதே கடிதத்தில் எழுதினார். ஐன்ஸ்டைன் பிறக்கவே இன்னும் ஒரு நூற்றாண்டு கிட்டத்தட்ட இருந்தது. மிச்செல் போட்டது நியூட்டன் கணக்கு. ஒளி மேலே போய்த் திரும்பி விழும் என்று நினைத்தார். இன்றைய கோட்பாட்டின்படி, ஒளிகூடத் திரும்பி வர முடியாத கருந்துளையின் எல்லைக்கு உள்ளே வெளிப்பக்கமாகப் போகும் பாதையே கிடையாது. காரணம் மாறிவிட்டது, ஆனால் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி மாறவில்லை. 1971-இல் சிக்னஸ் எக்ஸ்-1 பிடிபட்டதும் அதே வழியில்தான்: 5.6 நாளுக்கு ஒரு முறை ஒரு பெரிய நீல விண்மீன் கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. அந்த 'எதையோ'வின் நிறையைக் கணக்கிட்டபோது, நியூட்ரான் விண்மீனாக (நொறுங்கி மிக அடர்த்தியாகிவிட்ட விண்மீனாக) இருக்க முடியாத அளவுக்கு அதிகமாக வந்தது.

இந்த முறையின் உச்சம் நம் பால்வீதியின் நடுவில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஒரு முழுக் காணொளி தகும்.

பால்வீதியின் மையம் நம்மிடமிருந்து சுமார் 27,000 ஒளியாண்டு தூரம். இடையில் அவ்வளவு தூசி. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அகச்சிவப்பு ஒளி அந்தத் தூசியைத் தாண்டி வரும். 1990-களிலிருந்து ரெய்னார்ட் கென்சலின் குழு சிலியில் உள்ள தொலைநோக்கிகளிலும், ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியிலும் இந்த மையத்தில் உள்ள விண்மீன்களை ஆண்டுதோறும் படமெடுத்தன. நம் காற்று மண்டலம் சலசலப்பதால் விண்மீனின் படம் குழம்பிவிடும். அதைச் சரிசெய்ய, காற்றின் அசைவை அளந்து, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வளைந்து நெளிந்து ஈடுகட்டும் கண்ணாடி ஒன்றைப் பயன்படுத்தினார்கள்.

இந்த விண்மீன்களில் ஒன்றின் பெயர் எஸ்2. அதன் இடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டே போனால் நீள்வட்டம் ஒன்று உருவாகிறது. ஒரு சுற்றுக்கு 16 ஆண்டு. 2018 மே மாதம் அது மையத்துக்கு மிக அருகில் வந்தது. அப்போது தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 120 மடங்கு. வேகம் நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேல். யோசித்துப் பாருங்கள்: ஒரு முழு விண்மீன், சூரியனைவிடப் பல மடங்கு கனமானது, ஒளியின் வேகத்தில் இரண்டரை விழுக்காடு வேகத்தில் வளைந்து திரும்புகிறது. அதைத் திருப்பி விடுகிற பொருளின் நிறை என்ன? பள்ளியில் படிக்கிற கெப்ளர் விதியே போதும், தோராயமான விடை வந்துவிடும்: ஏறத்தாழ 40 லட்சம் சூரியன்கள். அவ்வளவும் அந்த 120 மடங்கு தூரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும், ஆனால் அந்த இடத்தில் விண்மீன் எதுவும் தெரியவில்லை. அந்தச் சுற்றின்போது எஸ்2-இன் ஒளி, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் சொன்னபடியே கருந்துளையின் ஈர்ப்பால் சிவப்புப் பக்கம் நகர்ந்ததும் அளக்கப்பட்டது. நீள்வட்டமே மெதுவாகத் திரும்புவதை 2020-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு கென்சலுக்கும் கெஸ்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஏறக்குறைய முப்பது ஆண்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களின் கதை இது. எஸ்2 விழுந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 40 லட்சம் சூரியன் நிறையுள்ள பொருளுக்கு அவ்வளவு அருகில் போய்விட்டு, திரும்பித் தன் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்து படங்கள். இதில் உங்கள் மீது எனக்கு உண்மையான மனக்குறை உண்டு. ஓவியர்கள் கணினியில் வரைந்த படங்களையும், கணக்கீட்டில் உருவாக்கிய அசைவூட்டங்களையும் 'கருந்துளையின் புகைப்படம்' என்று போடுகிறீர்கள். எல்லோரும் செய்வதில்லை, ஆனால் நிறையப் பேர் செய்கிறீர்கள். விளைவு என்னவென்றால், உண்மையான படத்தைக் காட்டும்போது பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். "இவ்வளவுதானா சார்? மங்கலா இருக்கே!" மங்கலாக இருக்கும் அந்த ஆரஞ்சு வளையத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது நிதானமாகச் சொல்லியிருந்தால் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

2017 ஏப்ரலில் எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒன்றாகச் சேர்ந்து இயங்கின. அவற்றில் ஏழு ஒரே நேரத்தில் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தைப் பார்த்தன (தென் துருவத்திலிருந்து எம்87 தெரியாது). அரிசோனா, ஹவாய், மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென் துருவம் என்று பூமியெங்கும் பரவிய கருவிகள். அத்தனையும் சேர்ந்து பூமியளவு அகலமான ஒரே தொலைநோக்கியைப் போல வேலை செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வோர் இடத்திலும் அணுக்கடிகாரம் வைத்து, வந்த அலைகளை அப்படியே வன்தட்டுகளில் பதிவு செய்தார்கள். மொத்தம் சுமார் 5 பெட்டாபைட், அதாவது 50 லட்சம் ஜிகாபைட். இணையத்தில் அனுப்ப முடியாத அளவு. ஆகவே வன்தட்டுகளையே விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். தென் துருவத்தில் பதிவான தட்டுகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும் வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன.

அப்புறம் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. படம் எடுக்கும் வேலையை நான்கு குழுக்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு குழு இன்னொரு குழுவோடு பேசக்கூடாது. வளையம் வரும் என்று எதிர்பார்த்து வளையத்தையே வரைந்துவிடக் கூடாதல்லவா? நான்கு குழுவும் தனித்தனியாகச் செய்து முடித்து, ஒரே அறையில் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நான்கிலும் வளையம். கீழ்ப்பக்கம் பிரகாசம் கூடுதலாக இருப்பதும் நான்கிலும் இருந்தது. அதற்கு மேலும் பல மாதங்கள் சோதித்துவிட்டு, 2019 ஏப்ரல் 10 அன்றுதான் உலகத்துக்குக் காட்டினார்கள்.

அந்த வளையம் வானத்தில் எவ்வளவு சிறியது என்றால், நிலவில் கிடக்கும் 8 சென்டிமீட்டர் அகலப் பொருளைப் பூமியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். ஆனால் உண்மையில் அது பெரியது. கருந்துளையின் நிறை 650 கோடி சூரியன்கள். அதன் ஆரம் புளூட்டோவின் பாதையைப் போல மூன்று மடங்கு. ஆரஞ்சு நிறம் நாம் கொடுத்தது, ஏனென்றால் 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைக்குக் கண்ணில் தெரியும் நிறம் கிடையாது. நடுவில் உள்ள இருட்டும் கருந்துளையின் உருவம் இல்லை. அது அதன் நிழல். ஒளி வளைந்து விழுவதால் கருந்துளையைவிட இரண்டரை மடங்கு பெரியதாகத் தெரியும். நம் பால்வீதியின் கருந்துளைப் படம் 2022 மே மாதம்தான் வந்தது. அது நமக்கு மிக அருகில் இருந்தும் ஏன் மூன்று ஆண்டு கூடுதலாக ஆனது? அது சிறியது, அதைச் சுற்றும் வாயு சில நிமிடங்களில் ஒரு சுற்றை முடித்துவிடும். படமெடுக்கும்போதே காட்சி மாறிக்கொண்டிருந்தது. எம்87-இல் அதே சுற்றுக்கு நாட்கள் ஆகும்.

தயவுசெய்து இனி வரைபடத்துக்குக் கீழே 'வரைபடம்' என்றும், கணினியில் உருவாக்கியதற்குக் கீழே 'கணினி உருவகம்' என்றும் எழுதுங்கள். ஒரு சிறு வரி போதும்.

விழுங்குவது பற்றி இன்னொன்று. கருந்துளையில் விழுவது அப்படி ஒன்றும் எளிதில்லை. வாயு நேராகப் போய் விழாது. பக்கவாட்டு வேகம் இருப்பதால் சுற்றத் தொடங்கும். சுற்றிச் சுற்றி வட்டாகப் பரவி, உரசி, சூடாகி, ஆற்றலை இழந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே இறங்கும். அந்தச் சூடுதான் நாம் எக்ஸ் கதிராகப் பார்ப்பது. அணுக்கரு இணைவு நிறையில் 0.7 விழுக்காட்டைத்தான் ஆற்றலாக மாற்றும். கருந்துளையைச் சுற்றும் வட்டோ சுமார் 6 விழுக்காட்டிலிருந்து, கருந்துளை மிக வேகமாகச் சுழன்றால் 40 விழுக்காடு வரை கூட மாற்றும். அதனால்தான் பேரண்டத்திலேயே விடாமல் பிரகாசிக்கும் பொருள்களில் முதலிடம் குவேசார்கள் எனப்படும் தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையங்களுக்கு. அவற்றின் நடுவில் இருப்பது கருந்துளை. எம்87-இல் இருந்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு பீச்சு வெளியே பாய்வதை 1918-லேயே ஹீபர் கர்ட்டிஸ் பார்த்துக் குறித்துவைத்தார். அது என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விழுங்கும் இருட்டு என்று நீங்கள் சொல்லும் பொருளின் வாசலில்தான் இத்தனை வெளிச்சம்.

நம் இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கதையை நீங்கள் சொல்லும்போதெல்லாம் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அவரை அவமானப்படுத்தியதில்தான் கதை நிற்கிறது. 1935 ஜனவரியில் அது நடந்தது உண்மை, அது அநியாயமும்கூட. ஆனால் எதற்காக அந்தச் சண்டை என்பதை ஏன் சொல்வதில்லை? 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையால் சுருங்கும். ஓரளவுக்கு மேல் எலக்ட்ரான்களை நெருக்க முடியாது. அவை எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளுதலில்தான் வெண்குறுமீன், அதாவது அப்படிச் சுருங்கிய விண்மீன், நிற்கிறது. நிறை கூடக் கூட எலக்ட்ரான்கள் இன்னும் வேகமாக ஓடித் தள்ள வேண்டும். ஆனால் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாதே! அங்கேதான் சார்பியலைக் கணக்கில் சேர்த்தார். சேர்த்ததும் ஓர் எல்லை வந்து நின்றது: இன்று நாம் சொல்லும் மதிப்பில் 1.4 சூரியன். அதற்கு மேல் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது. விண்மீன் மேலும் நொறுங்கியே ஆக வேண்டும். கருந்துளைக்கு இட்டுச்செல்லும் கதவு அந்தக் கணக்கில்தான் திறந்தது. எடிங்டனுக்கு அந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நன்றாகவே புரிந்திருந்தது. இயற்கை அப்படி நடந்துகொள்ளாது என்று நம்பியதால்தான் எதிர்த்தார். இதைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வைக்க முடியும், நான் செய்து பார்த்திருக்கிறேன். கணக்கைச் சொன்னால் சண்டையின் வலி இன்னும் கூடுதலாகவே புரிகிறது.

ஈர்ப்பலைக் (கனமான பொருள்கள் சுற்றி மோதும்போது வெளியில் பரவும் அதிர்வு) கதையிலும் இதே குறைதான். 2015 செப்டம்பர் 14. அமெரிக்காவில் உள்ள ஈர்ப்பலை ஆய்வகமான லைகோவின் இரண்டு நிலையங்களும் மேம்படுத்தப்பட்டு, முறையான நோக்குப் பணி தொடங்கச் சில நாட்களே இருந்தன. லிவிங்ஸ்டனில் ஓர் அதிர்வு பதிவானது. 7 மில்லிவினாடி கழித்து ஹான்ஃபோர்டிலும் அதே வடிவில் பதிவானது. மொத்தம் 0.2 வினாடி. அதற்குள் அதிர்வெண் 35-இல் இருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறி நின்றுவிட்டது. அந்தக் கருவியின் 4 கிலோமீட்டர் நீளக் கையில் ஏற்பட்ட மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. முதலில் யாரும் நம்பவில்லை. குழுவைச் சோதிக்க யாராவது வேண்டுமென்றே போலிச் சமிக்ஞை செலுத்தியிருப்பார்களோ என்று விசாரித்தார்கள், ஏனென்றால் அப்படிச் செய்யும் வழக்கம் அங்கே உண்டு. இல்லை என்று உறுதியானது. 36 சூரியனும் 29 சூரியனும் கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 சூரியனாகியிருந்தன. மீதி 3 சூரியன் நிறை ஈர்ப்பலையாகப் போய்விட்டது. அந்த இணைவு நடந்தது சுமார் 130 கோடி ஆண்டுக்கு முன்.

இணைந்த கருந்துளை அடங்குவதற்கு முன் மணியைப் போல அதிர்ந்து ஓயும். அந்த ஓய்வொலியின் வடிவத்தை 1970-லேயே கணக்கிட்டுக் காட்டியவர் சி. வி. விஸ்வேஸ்வரா. அவர் பெயரைச் சொல்லும் காணொளி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்கிறவற்றில் அளந்து பார்த்தது எது, கோட்பாட்டில் கணக்கிட்டது எது, வெறும் ஊகம் எது என்று பிரித்துச் சொல்வதில்லை. எல்லாம் ஒரே குரலில், ஒரே பின்னணி இசையில் வருகிறது. கேட்கிற பிள்ளைக்கு எஸ்2-இன் பாதையும் புழுத்துளையும் ஒரே தரமான உண்மை.

வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் சுரங்கம் என்று சொல்லப்படும் புழுத்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய கட்டுரையில் சமன்பாட்டின் ஒரு தீர்வாக அந்த வடிவம் வந்தது. அவ்வளவுதான். வானத்தில் ஒன்றுகூட இதுவரை கண்டறியப்படவில்லை. வேறு பிரபஞ்சத்துக்குக் கதவு என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை.

கருந்துளை மெல்ல வெப்பத்தை வெளியிட்டுச் சுருங்கும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் சொன்ன ஹாக்கிங் கதிர்வீச்சு அப்படி இல்லை. அது கனமான கணக்கு. 1974-இல் வந்தது, இயற்பியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எந்தக் கருந்துளையிலிருந்தும் அது இதுவரை அளக்கப்படவில்லை. ஏன் என்பதற்கும் அழகான காரணம் உண்டு. சூரியன் நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் 10 கோடியில் 6 பங்குதான். விண்வெளி முழுக்கப் பரவியிருக்கும் பெருவெடிப்பின் மிச்ச வெப்பமே 2.7 கெல்வின். அப்படியென்றால் இன்று அந்தக் கருந்துளை இழப்பதைவிடப் பெறுவதுதான் அதிகம். 'கருந்துளைகள் ஆவியாகி வெடிக்கின்றன' என்று நிகழ்காலத்தில் சொல்வது தவறு. அதே ஹாக்கிங் 1971-இல் சொன்ன இன்னொன்று, கருந்துளைகளின் மொத்தப் பரப்பு குறையாது என்பது, நிஜமாகவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரி 14 அன்று பதிவான ஈர்ப்பலையில் இணைவுக்கு முன் இரண்டு கருந்துளைகளின் பரப்பு சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், இணைந்த பின் சுமார் 4,00,000. இதைச் சொல்ல ஏன் யாரும் முன்வருவதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

'நடுவில் அடர்த்தி முடிவிலி' என்பதும் இப்படித்தான். 1965-இல் பென்ரோஸ் நிறுவியது, நொறுங்கும் பொருள் ஒரு கட்டத்தைத் தாண்டினால் பொதுச் சார்பியலில் பாதைகள் முடிந்துபோகும் ஓர் இடம் தவிர்க்க முடியாதது என்பதை. அந்த நிரூபணத்துக்கு அடித்தளமாக நின்றது 1955-இல் அமல் குமார் ராய்சௌத்ரி எழுதிய சமன்பாடு. அந்த இடத்தில் கோட்பாடு பதில் சொல்லும் திறனை இழக்கிறது. அங்கே குவாண்டம் விதிகளும் சேர வேண்டும், சேர்க்கும் வழி இன்னும் யாருக்கும் கைகூடவில்லை. இதை அப்படியே சொன்னால் ஒரு பிள்ளையாவது "அப்போ நான் கண்டுபிடிக்கிறேன்" என்று நினைக்காதா?

நேரம் நிற்பது பற்றிச் சுருக்கமாக: யாருடைய கடிகாரம் என்று சொல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதவே எழுதாதீர்கள். விழுகிறவரின் கடிகாரம் அவருக்கு வழக்கம்போல்தான் ஓடும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் அவர் மெதுவாகி, சிவந்து, மங்கி மறைவது போலத் தெரியும். ஈர்ப்பு கடிகாரத்தை மாற்றும் என்பதற்குக் கருந்துளை வரை போகவும் வேண்டாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்தி ஓடும். அதைத் திருத்தாவிட்டால் கைபேசி காட்டும் இடம் கிலோமீட்டர் கணக்கில் தவறும். விழுகிறவர் நூலாக இழுபடுவார் என்பதும் எல்லாக் கருந்துளைக்கும் பொருந்தாது. சிறிய கருந்துளையில் எல்லையைத் தொடும் முன்பே அது நடந்துவிடும். எம்87-இல் எல்லையைத் தாண்டும் கணத்தில் அந்த இழுவிசை உடம்புக்குத் தெரியக்கூடத் தெரியாது.

பயம் காட்டினால்தான் பார்ப்பார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். தலைப்பு இழுக்க வேண்டும், பார்வை வேண்டும், அது உங்கள் பிழைப்பு. எனக்குப் புரிகிறது. ஆனால் 2008 செப்டம்பரில் ஐரோப்பாவில் துகள்களை மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவி இயங்கத் தொடங்கியபோது, அது கருந்துளையை உண்டாக்கி உலகத்தை அழித்துவிடும் என்று செய்திகள் பரவின. நிஜமாகவே பயந்துபோனவர்கள் இருந்தார்கள். அந்த மோதுவியைவிட அதிக ஆற்றலோடு விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பூமியின் காற்று மண்டலத்தில் 450 கோடி ஆண்டாக மோதிக்கொண்டுதான் இருக்கின்றன, பூமி இன்னும் இருக்கிறது என்ற ஒரு வரி அந்தப் பயத்தைத் தீர்த்திருக்கும். அந்த ஒரு வரி தலைப்புகளுக்குக் கீழே வரவில்லை. ஒரு குழந்தை ராத்திரி தூங்காமல் கிடந்தால் அது நமக்குக் கிடைத்த பார்வை எண்ணிக்கையில் தெரியாது.

கடைசியாக, செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்கிறேன். லைகோவின் தரவுகள் எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. செப்டம்பர் 14 நிகழ்வைப் படிப்படியாக வரைந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் பைத்தான் நிரல்களும் கூடவே இருக்கின்றன. சாதாரண மடிக்கணினி போதும். எஸ்2-இன் ஆண்டுவாரியான இடங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளிலேயே உள்ளன. வரைதாளும் பென்சிலும் இருந்தால் நீள்வட்டத்தை வரைந்துவிடலாம். உங்களில் யாராவது ஒருவர், அடுத்த காணொளியில், பார்க்கிறவர்களை அந்தப் புள்ளிகளைத் தாங்களே குறிக்கச் செய்யுங்கள். 16 ஆண்டு, சுற்றுப்பாதையின் அளவு, கெப்ளர் விதி. விடை வரும்போது திரையில் வேறு எதுவும் காட்ட வேண்டாம். கணக்கில் உதவி தேவைப்பட்டால் நான் இருக்கிறேன், என் மாணவர்களும் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்